சிறு தகடும் பெருங்காப்பும்

சென்னை மாநகரின் மேற்கே அமைந்துள்ள ஆவடி, தொழில் வளம் மிக்கதோர் ஊர். 1955-ஆம் ஆண்டில் காங்கிரசுப் பேரவை கூடியதனால் நாடெங்கும் பெயர் பெற்ற அவ்வூர், பின்னர்க் கனரக வாகனத் தொழிற்சாலையால் மேலும் புகழுற்றது. 1960-களில் விஜயந்தா டாங்கிகள் அங்கே உருவாயின. எனவே, தரையில் ஊரும் ஊர்திகளுக்கே உரிய ஊர் அது என்று பலர் எண்ணுவர். ஆயினும், வானத்தோடும் அதற்கு உறவு உண்டு. விமானப்படை நிலையம் ஒன்று அங்கே உள்ளது. தேஜஸ் போர் விமானத்தின் துணைக்கருவிகளை இயக்கும் பற்சக்கரப் பெட்டியை உருவாக்கியதும் ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனமே.

இவ்வூரில், பருத்திப்பட்டு ஏரிக்கு அருகில் முதியவர் ஒருவர் வாழ்ந்து வருகிறார். இளமை முதல் விமானங்களைப் பழுது பார்க்கும் தொழில் செய்து ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய பேரன் வெளியூரில் சிறு விமானம் ஓட்டப் பயின்று வருகிறான். ஒருநாள் அவன், தான் ஓட்டும் விமானத்தின் நிழற்படம் ஒன்றை வீட்டிற்கு அனுப்பினான். அதன் இறக்கையின் மேற்பரப்பில், முன் விளிம்பை ஒட்டி, நகத்தளவான தகடுகள் வரிசையாக நின்றன. அதனைக் கண்ட அவன் தாய் முகம் வாடினாள்.

“மாமா, உடைந்த இறக்கைக்கு ஒட்டுப் போட்டிருக்கிறார்களே! இதில் ஏறியா என் பிள்ளை பறக்கிறான்?” என்று கலங்கினாள்.

முதியவர் படத்தை உற்று நோக்கிப் புன்முறுவல் பூத்தார். “இது ஒட்டுப் போட்ட இறக்கை அன்று, அம்மா, காப்புக் கட்டிய இறக்கை” என்றார். அவள் மனம் அமைதியுறவில்லை. அருகில் இருந்த பேத்தி, “எவ்வாறு தாத்தா?” என்று வினவினாள். “மாலையில் ஏரிக்கரைக்கு வா, அங்கே ஆசிரியர் ஒருவர் இருக்கிறார்” என்றார் அவர்.

மாலையில் இருவரும் கரையில் அமர்ந்தனர். பருந்து ஒன்று வட்டமிட்டு இறங்கி, மரக்கிளையை நெருங்கியது. வேகம் குறையக் குறைய அது தன் இறக்கைகளை மிகுதியாக நிமிர்த்திற்று. அவ்வேளையில் இறக்கையின் முன்புறத்தில், கட்டைவிரல் போன்ற சிறு இறகுக் கற்றை ஒன்று தனியே எழுந்து நின்றது. பருந்து தடுமாறாமல் கிளையில் அமர்ந்தது.

“நான் சொன்ன ஆசிரியர் இவரே” என்றார் முதியவர். “மெல்லப் பறக்கும்போதுதான் அந்தச் சிறகை அது விரிக்கிறது. விரைந்து பறப்பது எளிது. மெல்லப் பறப்பதே அரிது.”

பின்னர் அவர் அதன் காரணத்தை விளக்கலானார். இறக்கையின் மேல் ஓடும் காற்று, முன்பகுதியில் விரைந்து செல்கிறது. பின்பகுதியை நோக்கிச் செல்லச் செல்ல அழுத்தம் மிகுகிறது. ஆகவே, அங்கே அதன் பயணம் மேட்டில் ஏறும் வண்டியின் பயணத்தை ஒத்தது. இறக்கையைத் தொட்டு ஓடும் மெல்லிய காற்றுப் படலமோ உராய்வினால் முன்னமே தளர்ந்திருக்கும். இப்படலத்தின் இயல்பை 1904-ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் லுட்விக் பிராண்டல் விளக்கினார். விமானம் வேகம் குறையும்போது, விழாமல் நிற்க இறக்கையை மேலும் நிமிர்த்த வேண்டியுள்ளது. நிமிர்த்த நிமிர்த்த மேடு செங்குத்தாகிறது. இறுதியில், இளைத்த மாடு மேட்டில் நின்றுவிடுவதுபோல, அப்படலம் மேலே செல்ல மாட்டாமல் இறக்கையை விட்டு விலகிவிடுகிறது. உடனே தூக்கும் விசை குன்றுகிறது. விமானிகள் இதனை ஸ்டால் என்பர். எந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் இது நேரலாம்.

“அந்தத் தகடுகள் என்ன செய்கின்றன, தாத்தா?”

“அவை காற்றோட்டத்திற்குச் சற்றே சாய்வாக நிற்கின்றன. காற்று அவற்றின் நுனியைக் கடக்கும்போது, முறுக்கிய கயிறுபோலச் சுழன்று பின்னோக்கி ஓடுகிறது. அச்சுழல், மேலே விரைந்து ஓடும் புதுக்காற்றைக் கீழே கொணர்ந்து தளர்ந்த படலத்தோடு கலக்கிறது. இளைத்த மாட்டோடு இளங்காளையைப் பூட்டியதுபோல ஆகிவிடுகிறது. இறக்கை இன்னும் சிறிது நிமிர்ந்தாலும், வேகம் இன்னும் சிறிது குறைந்தாலும், காற்று விலகுவதில்லை.”

கிரிக்கெட்டில் ஈடுபாடுடைய அப்பேத்திக்கு மற்றொரு சான்றும் காட்டினார் அவர். புதுப்பந்தின் மேடான தையல், ஒரு பக்கத்துக் காற்றுப் படலத்தைக் கலக்கிவிடுகிறது. கலங்கிய காற்று அப்பக்கத்தில் நெடுந்தூரம் ஒட்டிச் செல்கிறது. மறுபக்கத்தில் விரைவில் விலகிவிடுகிறது. அவ்வேறுபாட்டினாலேயே பந்து வளைகிறது. தகடும் தையலும் ஒரே உண்மைக்கு இரு சான்றுகள்.

இத்தகடுகளைச் சுழலாக்கிகள் எனலாம். சிறு விமானங்களில் இவற்றின் உயரம் பெரும்பாலும் ஒரு விரற்கடைக்கு மேற்படுவதில்லை. இறக்கையின் ஓரத்தில் அசைந்து விமானத்தைச் சாய்க்கும் மடிப்புகளுக்கு முன்னும் இவை காற்றைச் செப்பஞ்செய்கின்றன. அதனால் மெல்லப் பறக்கும்போதும் விமானம் ஓட்டுபவன் கைக்கு அடங்கி நடக்கிறது. இரட்டை எந்திர விமானங்களில் வால்நிறுத்தியிலும் இவற்றைப் பொருத்துவதுண்டு. ஓர் எந்திரம் நின்றுபோனால், விமானம் ஒருபக்கமாகத் திரும்பிவிடாமல் தடுக்க அவை துணைபுரியும்.

நம் நாட்டு அறிஞரும் இத்துறையில் பின்தங்கியவர் அல்லர். எல்லைப் படலத்தை ஆராய்ந்து புகழ்பெற்ற சதீஷ் தவன், பறவைகளின் பறத்தலைப் பற்றித் தனி நூலே எழுதினார். கடற்படைக்கென உருவான தேஜஸ் மாதிரி விமானத்தில், இறக்கையின் அடிப்பகுதியில் முன்புறமாக அசையும் பலகைகள் அமைக்கப்பெற்றன. ஒட்டுத் தகடுகளினும் அவை பெரியவை. ஆயினும் சுழலை ஆண்டு மெல்லப் பறக்கும் கருத்து ஒன்றே. அவ்விமானம் 2020-ஆம் ஆண்டு சனவரி 11-ஆம் நாள் விக்கிரமாதித்யா கப்பலின் மேல்தளத்தில் இறங்கிற்று. கடலில் அசையும் சிறு தளத்தில் இறங்குவதற்கு, வேகத்தைக் குறைத்தும் நிலை குலையாதிருத்தல் இன்றியமையாதது அன்றோ?

“அப்படியாயின், அண்ணனுக்கு இனி ஆபத்தே இல்லையா?” என்று மகிழ்ந்தாள் பேத்தி.

முதியவர் உடனே விடை கூறவில்லை. நெடுநேரம் ஏரியையே நோக்கியிருந்தார். அவருக்கு இளமையில் நண்பர் ஒருவர் இருந்தார். தேர்ந்த விமானி, ஆனால் தம் திறமையில் அளவுகடந்த நம்பிக்கை உடையவர். ஒருநாள் இறங்குதளத்தை நோக்கித் திரும்புகையில், வேகம் குறைந்திருந்தும் விமானத்தை மேலும் சாய்த்துத் திருப்பினார். உயரமோ சிறிது. ஸ்டாலிலிருந்து மீள இடமில்லை. அன்று விமானத்தைச் சரிபார்த்து அனுப்பியவர் இம்முதியவரே. விமானத்தில் குறையேதும் இல்லை என்று பின்னர்த் தெரிந்தது. எனினும், அந்நாளை நினைக்கும்தோறும் அவர் நெஞ்சம் கனக்கும்.

“தகடு எல்லையைச் சிறிது தள்ளி வைக்கும், எல்லையை அழித்துவிடாது. அதனை நினைத்தவாறு ஒட்டவும் கூடாது. ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்படியே ஒட்ட வேண்டும். விரைந்து பறக்கும்போது அது காற்றைச் சிறிது தடுக்கவும் செய்யும். எந்த நன்மைக்கும் ஒரு விலை உண்டு” என்றார்.

அன்றிரவு அவர் பேரனுக்குக் கடிதம் ஒன்று எழுதினார். “உன் இறக்கையிலுள்ள தகடுகள், மணிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தை உனக்குச் சேமித்துத் தருகின்றன. அச்சேமிப்பை நாள்தோறும் செலவழித்துவிடாதே. அவை இல்லாதபோது எவ்வேகத்தில் இறங்குவாயோ, அவ்வேகத்திலேயே இறங்கு. இடர் வரும் நாளுக்கென அச்சேமிப்பு இருக்கட்டும். பறக்குமுன் ஒவ்வொரு தகட்டையும் கையால் தொட்டுப் பார்” என்பது அக்கடிதத்தின் சாரம்.

அஞ்சலில் சேர்க்குமுன் கடிதத்தைத் தாயும் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். பின்னர் நிழற்படத்தை எடுத்து, அத்தகடுகளை ஒவ்வொன்றாக எண்ணலானாள். இம்முறை அவள் கண்களில் கலக்கம் இல்லை.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பர். சிறியவற்றை இகழாமல் அவற்றின் பயனை அறிந்து போற்றுதல் அறிவுடைமை. அப்பயனை நம்பி அளவு மீறாதிருத்தல் அதனினும் பெரிய அறிவுடைமையாகும்.