விரித்த கை

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் என்றொரு பழங்கோயில் உளது. அதன் கற்சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு பொறிக்கப்பெற்றுள்ளன. கி.பி. 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் ஊர்ச்சபையார் கூடி, வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்த செய்தியை அவை உரைக்கின்றன. குடவோலை முறை என அதன் பெயரை யாவரும் அறிவர். ஆயினும், அதன் சிறப்பு குடத்திலும் இல்லை, ஓலையிலும் இல்லை. அது நிகழ்த்தப்பெற்ற பாங்கிலேயே உள்ளது.

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்தில் இடுவர். அந்நாளில் சபையார் இளையோரும் முதியோருமாக நிறையக் கூடியிருத்தல் வேண்டும். கோயில் நம்பிமாருள் மூத்தவர் ஒருவர் எழுந்து, எல்லாரும் காணுமாறு குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் அதிலிருந்து ஒரு கட்டினை எடுப்பான். அக்கட்டின் ஓலைகளை வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கியபின், அவனே ஓரோலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் அதனை எங்ஙனம் வாங்கவேண்டும் என்பதையும் சாசனம் விடவில்லை. ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றல் வேண்டுமாம்! மூடிய கையினுள் வேறோர் ஓலை ஒளிந்திருத்தலும் கூடுமன்றோ? அவன் உரக்க வாசித்த பெயரை அங்கிருந்த நம்பிமார் எல்லாரும் மீண்டும் வாசித்தல் வேண்டும்.

மத்தியஸ்தன் தீயவன் என்று ஊரார் கருதினாரல்லர். நல்லவன் கையும் நாலுபேர் கண்ணுக்குத் தெரிதல் வேண்டும் என்பதே அவர்தம் துணிபு. முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது போனவன் பெயரையும், அவனுடைய உறவினர் பெயரையும் குடத்தில் இடலாகாது என்றும் அவர்கள் விதித்தனர்.

இவ்வளவும் மெய்யே. எனினும் மறைக்கத் தகாத குறை ஒன்றும் உண்டு. அச்சபை சொந்த நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்களின் சபை. அவ்வூர் வயலில் ஏர் பிடித்தவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் அங்கே இடமில்லை.

அந்தக் கதவு திறக்க ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. அதனையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பெற்றது. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினரே. நிலமும் வேண்டா, கல்வியும் வேண்டா. ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்திற்கும் தணிக்கை அறிக்கைக்கும் இசைவளிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கு நாட்களில் கூடிவந்த சபைக்கு, 2022-ஆம் ஆண்டில் மார்ச் 22, நவம்பர் 1 என்னும் இரு நாட்களும் சேர்க்கப்பெற்றன.

உரிமை ஏட்டில் இருப்பது வேறு, வழங்குவது வேறு. பறையறைந்து அறிவிக்க வேண்டிய கூட்டத்தைப் பலகையின் மூலையில் ஒட்டிய தாளோடு முடித்துவிடுதலும் உண்டு. கூடாத கூட்டத்திற்குக் கையொப்பம் வேண்டிப் பதிவேடு வீடுவீடாகச் செல்லுதலும் உண்டு. மூடிய கை என்பது இதுவே.

ஒரு சிற்றூர்க் கூட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். ஊராட்சிச் செயலர் கணக்கை விரைந்து படித்துச் செல்கிறார். வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருத்தி எழுகிறாள்.

“தம்பி, ஏரிக்கால்வாய் தூர்வாரியதாக ஏதோ படித்தாயே, அதை இன்னொரு முறை வாசி.”

“எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது, பாட்டி.”

“எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால்தான் வாசிக்கச் சொல்கிறேன். ஊரும் கேட்கட்டும்.”

கூட்டத்தில் பேச்சு அடங்குகிறது. செயலர் ஏட்டைப் பின்னோக்கித் திருப்பி, தொகையையும் நாளையும் உரக்கப் படிக்கிறார். அக்கால்வாயில் ஆளுயரத்திற்குக் கருவேலம் நிற்பதை அங்கிருந்தோர் அனைவரும் அறிவர். தலைவர் தலைகுனிகிறார். கால்வாயை ஊரார் முன்னிலையில் மறுநாளே அளந்து பார்ப்பதென்று தீர்மானம் எழுதப்பெறுகிறது. அதன்கீழ் முதலில் பதிவது அம்மூதாட்டியின் பெருவிரல் ரேகை.