பேரன் காட்டிய விளையாட்டு



விடுமுறைக்கு மரக்காணம் வந்த பேரன் 'அன்ரெஸ்ட்' என்றொரு கணினி விளையாட்டைக் காட்டினான். 2014-இல் பைரோடாக்டில் என்ற இந்தியக் குழு வெளியிட்டது. பழங்கால இந்தியா போன்ற கற்பனை நாடு, பீம்ரா நகரம், வறட்சி, பஞ்சம். வாள்வீச்சு குறைவு, பேச்சுதான் விளையாட்டு. நாம் பேசப் பேச எதிராளிக்கு நம்மேல் உள்ள நட்பு, மதிப்பு, அச்சம் மாறுகிறது. அரசகுமாரி மட்டுமல்ல, தான்யா என்ற கிராமத்துப் பெண்ணாகவும் ஆடவேண்டும். அவளுக்கு வீட்டில் கல்யாணம் பேசி முடிக்கிறார்கள்.

அங்கே என் கை நின்றுவிட்டது. பத்தாம் வகுப்பில் நன்றாகப் படித்த பிள்ளை ஒருத்தி. மழைக்காலம், உப்பளத்தில் வேலையில்லை, வீட்டில் கடன், கல்யாணம் என்றார்கள். நான் வீடுவரை போய், டீ குடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பினேன்.

குறைகளும் உண்டு. சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, எல்லாம் ஆங்கிலம், படங்களும் எளிமை. எனக்குப் பட்ட பெரிய குறை வேறு. "தப்பாப் பேசிட்டா முதல்லேர்ந்து ஆடலாம் தாத்தா" என்றான்.

அந்தப் பிள்ளை இதைப் படித்தால்: அன்று நான் பேசியிருக்கணும்மா. ஆசிரியர்களாகிவிட்ட என் மாணவர்களே, அப்படி ஒரு வீட்டுக்குப் போனால் பேசிவிட்டு வாருங்கள்.