எந்த வழி?

எங்கள் அஞ்செட்டிக்குத் தேன்கனிக்கோட்டை வழியாகவும் வரலாம்; ஒகேனக்கல் பக்கமிருந்தும் வரலாம். பித்தப்பையை அகற்றவும் இரு வழிகள் உண்டு: வயிற்றைத் திறப்பது ஒன்று, சிறு துளைகளில் லேப்ராஸ்கோப் கருவியைச் செலுத்துவது மற்றொன்று.

அமெரிக்க மருத்துவமனைகளின் அறுவைக் குறிப்புகளைப் படித்துக் குறியீடு எழுதும் மெடிக்கல் கோடிங் பணியில் எங்களுக்கும் ஆசை. சென்னையிலும் கோவையிலும் அக்காமார் பலர் அதைச் செய்கிறார்கள். 2015 அக்டோபர் முதல் அங்கு உள்நோயாளிகளின் சிகிச்சைக்கு எழுதும் குறியீட்டில் ஏழு இடங்கள். ஐந்தாம் இடம் வழியைச் சொல்லும்: திறந்தால் 0, லேப்ராஸ்கோப் என்றால் 4.

தலைப்பில் லேப்ராஸ்கோப் என்றிருக்கும். உள்ளேயோ, இரத்தப்போக்கு மிகுந்ததால் வயிற்றைத் திறந்தே பித்தப்பையை எடுத்ததாக டாக்டர் எழுதியிருப்பார். அப்போது அகற்றியதற்கு 0 தான். தலைப்போடு நின்றால் நோயாளியின் பெரிய காயம் ஏட்டில் மறைந்துவிடும். ஆகவே தோழியரே, எதையும் கடைசி வரிவரை படிக்கப் பழகுவோம்!