கூறைப்புடவை

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பர் நம் பெரியோர். ஆயினும், எங்கே எதை உடுத்துவது என்ற கேள்வி எழுந்துவிட்டால், அந்த ஆடைப் பாதியே முழுமையாய் வளர்ந்து நம்மை ஆட்டிவைக்கிறது. சென்ற வைகாசியில் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்தது இது.

திருவண்ணாமலையில் எங்கள் தெருமுனையில் வண்டி போட்டுத் துணி தேய்த்துக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. ஞாயிறு திருப்பலிக்கு நாங்கள் உடுத்திச் செல்லும் ஆடைகளுள் அவர் கை படாதது ஒன்றுமில்லை. பகலில் பிறர் ஆடைகளைத் தேய்க்கும் அவர், விழாக் காலத்தில் பாரதக் கூத்தில் பெண்வேடம் கட்டுபவர். செங்கம் சாலையிலுள்ள ஒரு சிற்றூரில் ‘பாஞ்சாலி துகிலுரிதல்’ ஆடவிருப்பதாகவும், குடும்பத்தோடு வரவேண்டும் என்றும் அன்போடு அழைத்தார்.

அன்று மாலையே விவாதம் தொடங்கிற்று. மகள் பட்டுப் பாவாடை என்றாள். மகனோ, கூத்துக்குப் போக இவ்வளவு யோசனையா என்று நகைத்தான். திரௌபதி அம்மன் கோயில் முன்றிலில் அமரப் போகிறோமே, சிலுவை பொறித்த தாலியை வெளியே தெரிய அணிவதா, முந்தானைக்குள் மறைப்பதா என்று எங்கள் தாயார் கவலையுற்றார்.

மேல்நாட்டில் ஆப்பெரா என்னும் இசைநாடகம் உண்டு. இத்தாலியின் மிலான் நகரில் 1778இல் திறக்கப்பட்ட லா ஸ்காலா அரங்கம், அந்நகரின் பாதுகாவலரான புனித அம்புரோசியாரின் திருநாளாகிய டிசம்பர் 7ஆம் நாள் தன் கலைப்பருவத்தைத் தொடங்குகிறது. அன்று மேடையைப் பார்ப்பவர் பாதி, வந்தவர்களின் உடையைப் பார்ப்பவர் பாதி. நம் கூத்தும் பாட்டால் நடக்கும் நாடகமே. ஆனால் இங்கே மண்தரையே ஆசனம். அலங்காரமெல்லாம் ஆடுபவருக்கே உரியது. இதை நாங்கள் உணரச் சில நாள்கள் ஆயின.

கூத்துக்கு மூன்று நாள்களுக்கு முன், தேய்த்த துணிகளைக் கொடுத்த பின்பும் பெரியவர் வாசலிலேயே நின்றார்.

“அம்மா, கேக்கக் கூடாதுதான். வேசம் கட்டுற பட்டுப் புடவைய எலி கடிச்சிடுச்சு. உங்க கலியாணப் புடவைய போன மாசம் நான்தானே தேச்சேன்... ஒரு ராத்திரிக்கு மட்டும்...”

எவருக்கும் பேச்சு எழவில்லை. “இல்லேன்னா பரவாயில்லைங்க” என்று தாமே சொல்லிவிட்டு அவர் அகன்றார்.

அது வெறும் புடவையன்று. பீடத்தின் முன் குருவானவர் மந்திரித்துக் கொடுத்த கூறைப்புடவை. அதைக் கூத்து மேடைக்கு அனுப்புவதா? அதுவும், சேலையைப் பற்றி இழுக்கும் காட்சிக்கா? தாயார் கூடவே கூடாது என்றார். அன்றிரவு குடும்பச் செபமாலையின்போது எங்கள் குரல்களில் ஒட்டுதல் இல்லை.

மறுநாள் எங்கள் இல்லத்தரசி பங்குத் தந்தையிடம் சென்று கேட்டார். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தே நோபிலி காவி உடுத்தியதையும், பூணூல், குடுமி, சந்தனம் பற்றிய வழக்கு உரோமை வரை சென்று, 1623இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரியார் அவற்றுக்கு இசைவளித்ததையும் அவர் எடுத்துரைத்தார். நம் ஊருக்கே 1949இல் இரமணரைக் காண வந்த மோன்சானின் அடிகளாரும் அபிஷிக்தானந்தரும், மறு ஆண்டு குளித்தலை அருகே சாந்திவனத்தில் காவி ஏற்றதையும் நினைவூட்டினார். “துணி பற்றிய கேள்விகள் திருச்சபைக்குப் புதியவை அல்ல. ஆனால் புடவை உங்களுடையது, முடிவும் உங்களுடையதாகட்டும்” என்று முடித்தார்.

இல்லம் திரும்பிய அவர் பெட்டியைத் திறந்தார். “சிலுவைப் பாதையில் பத்தாம் நிலையில் ஆண்டுதோறும் முழந்தாளிட்டு அழுகிறோம், அத்தை. ஆண்டவருடைய ஆடைகளைக் களைந்தபோது ஒரு துணி கொடுக்க அங்கே எவரும் இல்லை. இங்கே ஒருவர் துணி கேட்டு நம் வாசலில் நின்றார். நாம் பேசாமல் இருந்தோம்” என்றார். தாயார் மறுமொழி கூறவில்லை. தாமே எழுந்து புடவைக்கு ஒரு மஞ்சள் பை தேடிக் கொடுத்தார்.

கூத்துக்கு நாங்கள் நூல் சேலையும் வேட்டியுமாகவே சென்றோம். தாலிச் சிலுவை இருந்தபடியே இருந்தது. பக்கத்திலிருந்த மூதாட்டி தம் பாயில் நகர்ந்து எங்களுக்கு இடம் தந்தார். முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் முழங்க, கண்ணாடி பதித்த கட்டை அணிகள் விளக்கொளியில் மின்ன, மன்னர்கள் திரை விலக்கி வந்தனர். கட்டியக்காரன் அவர்களையும் கேலி செய்தான்.

நள்ளிரவு கடந்து அரக்கு நிறக் கூறைப்புடவையில் பாஞ்சாலி வந்தாள். அவர் நம் தெருமுனைப் பெரியவர்தாம் என்று மகன் நம்பவே இல்லை. துச்சாதனன் வேடமிட்டவர் சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றச் செய்து, கைகூப்பிச் சபையோரிடம் மன்னிப்பு வேண்டினார். பின்னர் இழுத்தார். மேலே சுற்றியிருந்த சேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவிந்தன. கூறைப்புடவை மட்டும் நின்றது. சுற்றிலும் பெண்கள் விம்மினர். எங்கள் தாயாரின் கண்களும் நனைந்திருந்தன.

இரண்டு நாள் கழித்துப் புடவை திரும்பி வந்தது. முந்தானை ஓரத்தில் விரற்கடை அளவு கிழிசல். நிறம் பார்த்து நூல் தேடி அவரே தைத்திருந்தார். அதைச் சொல்லும்போது அவர் தலை நிமிரவில்லை. தாயார் அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்து, “பேத்தி கலியாணத்துக்கும் இது தாங்கும்” என்றார்.

அன்பு வாசகர்களே, விழாவுக்கு எதை உடுத்துவது என்று நம் இல்லங்களில் ஆராயும்போது, உடுத்த இல்லாமல் நம் வாசலில் நிற்பவர் எவரேனும் உண்டா என்பதையும் ஒருமுறை பார்ப்போமாக. அவர் நீண்ட நேரம் நிற்கமாட்டார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.