ஒரு கிடாய்க்கு ஒரு ரவை

பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடங்களைக் கழித்தவன் நான். ‘துப்பாக்கிச் சன்னம் பாய்ந்து’ என்ற தொடரை எத்தனை தடவைகள் எழுதியிருப்பேன் என்று கணக்கெடுத்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். அந்தச் சன்னம் எத்தகையது, ஏன் அவ்வாறு செய்யப்பட்டது என்று ஒரு நாளாவது கேட்டதில்லை. அதை நான் கற்றுக்கொண்டது போர் முடிந்து எட்டு வருடங்களின் பின்னர், 2017 யூலையில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஒரு செம்மறி வேட்டைக்காரரின் மேசையில்.

பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் ஒருவன், அலாஸ்கா நெடுஞ்சாலையில் உள்ள போர்ட் சென்ற் ஜோன் என்ற சிறு நகரில் கணக்காளனாக இருக்கின்றான். அவனுடைய அயல்வீட்டுக்காரர் அறுபது வயதைக் கடந்தவர். வடக்கே ஸ்டோன் செம்மறி எனப்படும் கருஞ்சாம்பல் நிற மலைச் செம்மறிகள் வாழ்கின்றன. ஓகஸ்ட் மாதத்தில் அவற்றை வேட்டையாடச் செல்ல அந்த மனிதர் ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். அவரது கார்க் கொட்டகையில் ஒரு நீண்ட மேசை. அதன்மேல் மூன்று பெட்டி ரவைகள்.

எங்கள் பேச்சு வழக்கில் முழுமையானது ரவை; அதிலிருந்து பறந்து செல்வது சன்னம்; எஞ்சி விழுவது வெற்றுக் கோது. வீதிகளில் வெற்றுக் கோதுகளை எண்ணிச் செய்தி எழுதியிருக்கின்றேன். பாவிக்கப்படாத ரவையைக் கையில் எடுத்து, அது எதற்காக என்று ஒருவர் பொறுமையாக விளக்கக் கேட்டது அன்றுதான்.

அவருடைய றைபிள் .270 வின்செஸ்டர் ரவைக்கு உரியது. 1925இல் சந்தைக்கு வந்த ரவை அது. அதனை மலைச் செம்மறி வேட்டையோடு சேர்த்துப் புகழ்பெறச் செய்தவர் ஜாக் ஓ’கோனர் என்ற அமெரிக்க எழுத்தாளர். அவர் எழுதவந்த காலத்தில் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் இதழியல் பேராசிரியராகவும் இருந்தவர் என்று அறிந்தபோது எனக்குச் சற்று உறவு முறை தெரிந்தது. இந்த ரவையின் வழக்கமான சன்னம் 130 கிறெயின் நிறை, அதாவது ஏறத்தாழ 8.4 கிராம். குழலை விட்டு வெளியேறும்போது விநாடிக்கு 930 மீற்றர் அளவில் விரைகின்றது.

செம்மறிக்கு இந்த வேகம் எதற்கு? அது மரங்களற்ற உச்சிகளில் வாழ்கின்றது. அதன் பார்வை மிகக் கூர்மையானது. கிட்ட நெருங்குவது எளிதன்று. இருநூறு யார் தூரத்துக்குச் சரிபார்க்கப்பட்ட இந்தச் சன்னம் முந்நூறு யாரில் ஏறத்தாழ ஆறு அங்குலமும் நானூறில் ஒன்றரை அடிக்கு மேலும் கீழிறங்கும். இதைவிட மெதுவான சன்னம் இன்னும் அதிகமாக இறங்கும். மலைச்சரிவு வேறொரு கணக்கையும் கொண்டுவருகின்றது. முப்பது பாகைச் சரிவில் 350 யார் தூரம் என்று கருவி காட்டினாலும், புவியீர்ப்பு தன் வேலையைச் செய்வது கிடைத்தூரமாகிய ஏறத்தாழ 300 யாருக்குத்தான். இதை மறந்தவனின் சன்னம் விலங்கின் முதுகுக்கு மேலால் போய்விடும். அல்லது முதுகை உராய்ந்து காயப்படுத்தும். இரண்டாவதுதான் தன்னை உறங்கவிடாத பயம் என்றார் அவர்.

மூன்று பெட்டிகளிலும் மூன்று வகைச் சன்னங்கள். முதலாவது, மெல்லிய செப்புறைக்குள் ஈயம் நிரம்பியது. நன்றாக விரியும், ஆனால் கிட்டத்தில் எலும்பில் பட்டால் சிதறிவிடலாம். இரண்டாவது, நடுவில் செப்புச் சுவர் வைத்து ஈயத்தை இரண்டு அறைகளாகப் பிரித்தது. 1946இல் இதே மாகாணத்தில் ஒரு மூஸ் மான் தன் சூடுகளுக்கு விழாமல் நின்றதைக் கண்ட ஜோன் நோஸ்லர் என்பவர் உருவாக்கியது. முன்னறை விரிய, பின்னறை சிதையாமல் உள்ளே செல்லும். மூன்றாவது, முழுவதும் செப்பு. ஈயம் அறவே இல்லை.

ஈயச் சன்னம் தாக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைச் சுற்றியுள்ள தசைக்குள் பரவுகின்றன. எக்ஸ்ரே படங்களில் அவற்றைக் காணலாம். வேட்டைக்காரன் மலையில் விட்டுச்செல்லும் குடலைத் தின்னும் கழுகினங்களுக்கு அது நஞ்சு. 1982இல் இருபத்திரண்டாகக் குறைந்துபோயிருந்த கலிபோர்னியாக் கொண்டோர் பறவைகளின் பெரும் எதிரி இந்த ஈயமே. எல்லா வேட்டைகளிலும் ஈயச் சன்னங்களைத் தடைசெய்யும் சட்டத்தை அந்த மாநிலம் 2013இல் இயற்றி, 2019 யூலையில் முழுமையாக நடைமுறைப்படுத்தியது. அவருக்குக் காரணம் இன்னும் அருகில் இருந்தது. அந்த இறைச்சியை அவரது பேத்தி உண்பாள்.

செப்பிலும் குறை உண்டு. ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. விரிவதற்கு வேகம் தேவை. தூரம் கூடி வேகம் தணிந்தால் விரியாமல் ஊசிபோல ஊடுருவிச் செல்லலாம். விலங்கு மெல்லச் சாகும். ஆதலால் முந்நூறு யாருக்கு மேல் சுடுவதில்லை என்று தனக்குத்தானே எல்லை வகுத்திருந்தார். இறுதித் தீர்ப்பைத் துப்பாக்கிக் குழலிடமே விட்டார். நூறு யாரில் ஒவ்வொரு வகையிலும் மும்மூன்று ரவைகள் சுட்டுப் பார்த்தபோது, அவருடைய குழல் செப்புச் சன்னங்களையே ஓர் அங்குலத்துக்குள் சேர்த்து வைத்தது.

பேச்சுவாக்கில் நான் கேட்டேன்: “இராணுவங்கள் பாவிக்கும், முழுவதும் உறையிட்ட சன்னங்களால் சுட முடியாதா?”

“சட்டம் அனுமதிக்காது. பெரிய விலங்குகளை விரியாத சன்னத்தால் சுடுவது இந்த மாகாணத்தில் குற்றம். அது கொடுமை” என்றார்.

நான் சிறிது நேரம் பேசவில்லை. ஏனெனில் 1899இல் ஹேக் நகரில் கூடிய அரசுகள், உடலுக்குள் எளிதில் விரியும் சன்னங்களைப் போரில் பாவிப்பதில்லை என்று பிரகடனம் செய்தன. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்ற இடத்திலிருந்த பிரித்தானிய ஆயுதச் சாலையில் செய்யப்பட்ட சன்னங்களே அந்த விவாதத்துக்குப் பெயர் கொடுத்தன. போர்வீரனைச் செயலிழக்கச் செய்தால் போதும், அதற்கு மேல் வேதனை வேண்டாம் என்பது அதன் நியாயம். மனிதனுக்கு விரியும் சன்னம் கொடுமை. செம்மறிக்கு விரியாத சன்னம் கொடுமை. இரண்டு சட்டங்களும் இரக்கத்தின் பெயராலேயே எழுதப்பட்டவை. ஒன்று அவன் பிழைக்க இடம் வைக்கின்றது. மற்றது அது தாமதமின்றி இறக்க வேண்டும் என்கின்றது.

நண்பன் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான்: “மச்சான், ஒரு செம்மறிக்கு இந்த மனுசன் ஒரு கிழமையா யோசிக்கிறார். எங்கட சனத்துக்காக ஆரடா இப்பிடி யோசிச்சவங்கள்?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. தொண்ணூறுகளில் ஒரு வைத்தியசாலை விறாந்தையில் பாயில் கிடந்த ஒரு சிறுவனின் தொடையை நினைத்தேன். உட்புகுந்த துவாரம் ஒரு சிறு நாணயமளவுகூட இல்லை. வெளியேறிய இடத்தைப் பார்க்க முடியவில்லை. விரியாத சன்னமும் தசைக்குள் குப்புறப் புரண்டால் பெரும் காயத்தை உண்டாக்கும் என்பதை அன்று மருத்துவர் ஒருவர் சொல்லியிருந்தார். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதியும், செய்தியில் எழுதவில்லை. ‘சன்னம் பாய்ந்து சிறுவன் படுகாயம்’ என்பதோடு நிறுத்திவிட்டேன். பக்கத்தில் இடமில்லை என்பது அன்றைய சமாதானம். ஹேக் பிரகடனத்தின் இரக்கம் அந்த விறாந்தை வரை வந்து சேரவில்லை என்பதை எழுதியிருக்க வேண்டியவன் நான்.

செப்டெம்பரில் நண்பனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அயலவர் பத்து நாட்கள் மலையில் இருந்தாராம். ஒரு கிடாயை இரண்டு நாட்கள் தொலைநோக்கியால் பார்த்திருக்கின்றார். கொம்பு முழு வளையத்தை எட்டியிருக்க வேண்டும், இல்லையேல் கிடாய்க்கு எட்டு வயதாவது நிரம்பியிருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. கொம்பு வளையத்தை எட்டவில்லை. வயதறியும் வரைகளை எண்ணியபோது ஏழு தெளிவாகத் தெரிந்தன, எட்டாவது நிச்சயமில்லை. கிடாய் இருநூறு யாருக்குள் நின்றது. அவர் சுடவில்லை. தெரிந்தெடுத்த ரவைகள் அத்தனையும் அதே பெட்டியில் திரும்பி வந்தன.

வெறுங்கையோடு வந்ததில் அவருக்குக் கவலையில்லையா என்று பதில் எழுதிக் கேட்டேன். அடுத்த வருடம் அந்தக் கிடாய்க்கு நிச்சயமாக எட்டு வயது என்று சொன்னாராம்.