மலையேறிய ஜவ்வரிசிப் படலம்

செவ்வாய், ஏற்காடு

ராத்திரி ஜன்னல் வழியே மூடுபனி வந்திருக்கிறது. மேஜைமேல் இருந்த ஜவ்வரிசிப் படலம் காலையில் அப்பள மாவாகத் துவண்டு, தொட்டால் விரலோடு வருகிறது. இதையே சேலத்தில் காய்ச்சி ஊற்றிக் காயவைத்தபோது, மடித்தால் சடக்கென்று முறிந்தது. கிளிசரின் கலந்த பிறகுதான் வளைந்தது.

காரணம் தண்ணீர். மாவுச்சத்தும் பாலிமர்தான், குளுக்கோஸ் ஆயிரக்கணக்கில் கோத்த நெடுஞ்சங்கிலி. அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் காற்றின் ஈரத்தை இழுக்கின்றன. சங்கிலிகளுக்கு இடையே புகுந்த நீர் அவற்றை வழுக்க விடுகிறது. கிளிசரின் செய்வதும் அதே வேலை. சேலத்து வெயிலில் ஈரம் போனால் விறைப்பு, இங்கே வந்தால் தளர்ச்சி. நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள்தான்.

புதன்

கூட வந்த மாணவி கேட்டாள்: “சார், எங்க வீட்ல நான் பிளாஸ்டிக் படிக்கிறேன்னுதான் சொல்றாங்க. என்ன பதில் சொல்றது?”

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பல்கலைக்கழகத்தில் பாலிமர் ஆய்வுக்கு அடித்தளமிட்ட எம். சாந்தப்பா, மான்செஸ்டரில் எவான்ஸ் என்ற வேதியியலரிடம் பயின்றவர். எவான்ஸ், யூரி ஆகியோரோடு அவர் 1951இல் வெளியிட்ட கட்டுரை, நீர்க் கரைசலில் ஒளி பட்டு வினைல் பாலிமராக்கம் தொடங்குவதை ஆராய்ந்தது. பையோ வாளியோ செய்வது அங்கே கேள்வியே இல்லை. ஒரு சங்கிலி எப்படிப் பிறக்கிறது, எவ்வளவு வேகத்தில் வளர்கிறது, எதனால் நிற்கிறது என்பதுதான் கேள்வி. அதைத் தெரிந்துகொள்ளாமல் பிளாஸ்டிக்கைத் திட்டவும் முடியாது, திருத்தவும் முடியாது.

நான் படித்த நாளில் எங்கள் பொழுதெல்லாம் பாகுத்தன்மையை அளக்கும் விஸ்காமீட்டர் முன்னால் கழிந்தது. வெந்நீர்த் தொட்டிக்குள் கண்ணாடிக் குழாய். கரைசலின் விளிம்பு மேல்கோட்டைத் தாண்டும்போது ஸ்டாப்வாட்சை அழுத்தி, கீழ்க்கோட்டில் நிறுத்த வேண்டும். வெறும் கரைப்பானுக்கும் கரைசலுக்கும் உள்ள சில விநாடி வித்தியாசத்திலிருந்து மூலக்கூறு எடையைக் கணக்கிடுவோம். கண்ணுக்குத் தெரியாத நீளத்தைக் கடிகாரத்தால் அளந்த பிரமிப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

வியாழன்

ஒண்டிக்கடையிலிருந்து எஸ்டேட் வரை, சாலையோரப் புதரில் சிப்ஸ் பாக்கெட்டுகள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கேரிபேக்குக்குத் தடை உண்டு, அப்போது இவை தப்பிவிட்டன. பிளாஸ்டிக் தாளும் அலுமினியப் பூச்சும் ஒன்றாக ஒட்டியவை, பிரித்தெடுத்து மறுசுழற்சி செய்வது பெரும்பாடு. பத்து நிமிடம் தின்பதற்கு இத்தனை ஆயுள் கொண்ட பொருளைக் கொடுத்தது எங்கள் துறையின் கெட்டிக்காரத்தனம்தான். அதைச் சரிசெய்யும் பொறுப்பும் எங்களுடையதே.

காபி நாற்றுப் பண்ணையில் வரிசை வரிசையாகக் கறுப்புப் பாலித்தீன் பைகள். நடும்போது கிழித்துப் போடுகிறார்கள். இவற்றுக்கு மாற்றாகுமா என்று எங்கள் ஜவ்வரிசிப் படலத்தை மேஸ்திரியிடம் காட்டினேன். நீட்டிப் பார்த்தார்.

“மண்ணுக்குள்ள கரையட்டும் சார், நல்லதுதான். நாத்து நிக்கிற மாசமெல்லாம் தெனமும் தண்ணி ஊத்துவோமே, அதுவரைக்கும் தாங்கணுமில்ல?”

ஒரு முனைவர் பட்டத்துக்கே போதுமான கேள்வி இது.

வெள்ளி

சாந்தப்பா பின்னாளில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநரானார். தோலும் கொலாஜன் என்ற பாலிமர். குரோமியம் அதன் இழைகளைக் குறுக்கே கட்டிவிடுவதால் தோல் அழுகுவதில்லை. மாவுச்சத்துக்கும் அப்படிக் குறுக்குக்கட்டு போடலாம், சிட்ரிக் அமிலத்தால். அளவு கூடினால் பை மண்ணில் மட்காது. குறைந்தால் பூவாளிக்கே கரைந்துவிடும்.

மாணவி அளவு வாரியாக அட்டவணை போட்டுவிட்டாள். திங்கட்கிழமை சேலத்தில் முதல் தொகுதியைக் காய்ச்சுகிறோம். காய்ந்ததும் பாதி அங்கேயே இருக்கும், பாதி இந்தப் பண்ணைக்கு வரும்.