டென்மார்க்கில் ஒரு குதிரைக்குட்டி

டென்மார்க் தேசத்தில் எல்ஸினோர் நகரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்துக்காகத்தான் போகிறார்கள். ஷேக்ஸ்பியர் மகாகவி தம்முடைய ஹாம்லெட் இளவரசனை உலவ விட்ட க்ரோன்போர்க் கோட்டை அங்கே கடற்கரையில் நிற்கிறது. நானும் போனேன், சுற்றிப் பார்த்தேன், ஆவி ஒன்றும் தென்படவில்லை. தென்பட்டவையெல்லாம் நாலு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு நீர்ச்சந்தியும், அதற்கு அப்பால் ஸ்வீடன் தேசமும், இரண்டுக்கும் நடுவே ஓயாமல் போய்வந்து கொண்டிருந்த படகுக் கப்பல்களுந்தான். 1429 முதல் 1857 வரையில் இந்தச் சந்தியைக் கடந்த அயல்நாட்டுக் கப்பல்கள் டேனிஷ் மன்னருக்குச் சுங்கம் கட்டிவிட்டுத்தான் போக வேண்டியிருந்ததாம். கோட்டை ஏன் அவ்வளவு கம்பீரமாயிருக்கிறது என்பது உடனே விளங்கிவிட்டது.

ஆனால் நான் போன காரியம் வேறு. என் சிநேகிதர் ஒருவரின் புதல்வி, பொறையாற்றுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள், மாணவர் பரிவர்த்தனையில் அந்தத் தேசத்துக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. "அந்தப் பக்கம் போகிறீர்களே, குழந்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சிநேகிதர் சொல்லியிருந்தார். பொறையாற்றுக்கும் டென்மார்க்குக்கும் உறவு புதிதல்ல. அடுத்தாற்போல் உள்ள தரங்கம்பாடியில் 1620-ல் கால் ஊன்றி, 1845-ல் அதை இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனவர்கள் இவர்கள்தானே? அவர்கள் நம்மிடம் வியாபாரம் கற்க வந்தார்கள். நம்முடைய பெண் அவர்களிடம் தலைமை கற்கப் போயிருந்தாள்.

தலைமையைக் கற்பதாவது! அது என்ன தையல் வேலையா என்று நேயர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன்.

டேனிஷ்காரர்களுக்கு இதில் ஒரு சரித்திரம் உண்டு. க்ருண்ட்விக் என்ற பாதிரியார், 1783-ல் பிறந்தவர், குடியானவர்களுடைய பிள்ளைகளுக்குப் பரீட்சையும் பட்டமும் இல்லாத பள்ளிக்கூடம் வேண்டும் என்று சொல்லிக் கொண்டிருந்தார். அப்படிப்பட்ட முதல் பள்ளி 1844-ல் ரெடிங் என்ற ஊரில் ஏற்பட்டது. இருபது வருஷத்துக்கெல்லாம், 1864-ல், பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து டென்மார்க்கின் மேல் படையெடுத்து நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் பறித்துக் கொண்டன. ரெடிங்கும் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. உபாத்தியாயர்கள் என்ன செய்தார்கள்? புதிய எல்லையைத் தாண்டி வந்து, 1865-ல் ஆஸ்கோ என்ற இடத்தில் மறுபடியும் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். அதன் பிறகு, அமெரிக்காவின் மலிவுத் தானியம் வந்து குவிந்து நெல்லுக்குச் சமானமான கோதுமை வியாபாரம் படுத்தபோது, அந்தப் பள்ளிகளில் தங்கிப் படித்த குடியானவர்களில் பலர் பசுக்களை நம்பிப் பால் சங்கங்கள் கண்டார்கள். 1882-ல் ஹெடிங் என்ற குக்கிராமத்தில் முதல் கூட்டுறவுப் பால் சங்கம்; இருபத்தைந்து வருஷத்துக்குள் அவை ஆயிரத்துக்கு மேல். இவற்றில் நூறு மாடு உள்ளவருக்கும் ஒரு வோட்டு. இரண்டு மாடு உள்ளவருக்கும் ஒரு வோட்டு. பிறகு 1921-ல் பீட்டர் மானிக்கே என்பவர் எல்ஸினோரில் எல்லா நாட்டு இளைஞர்களும் சேர்ந்து வாழ்ந்து படிக்கும் சர்வதேசப் பள்ளி ஒன்றை ஏற்படுத்தினார். அது இன்றைக்கும் நடக்கிறது.

நம் பெண் இருந்தது அந்தப் பள்ளி அல்ல. கோபன்ஹேகனிலிருந்து மேற்கே ரயிலில் ஒன்றரை மணி நேரமும், பிறகு பஸ்ஸில் அரை மணி நேரமும் போனால் வருகிற ஒரு கிராமத்துப் பள்ளி. மார்ச்சு மாதம். வயல்களில் பச்சை இன்னும் தலைகாட்டவில்லை. காற்று மட்டும் தாராளமாய் வீசிற்று.

"மாமா, நான் இப்போது குதிரைக்குட்டி!" என்று சொல்லிக் கொண்டே பெண் என்னை வரவேற்றாள்.

விஷயம் என்னவென்றால், பள்ளியில் அயல்நாட்டு மாணவர் ஒவ்வொருவரையும் ஊரில் பொறுப்புள்ள ஒருவரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். மூன்று வாரம் அவர் போகுமிடமெல்லாம் கூடவே போக வேண்டும். இங்கிலீஷ்காரர்கள் இதை நிழலாகப் போவது என்பார்கள். டேனிஷ் பாஷையில், அனுபவசாலியின் பின்னால் வேலை பழகப் போகிறவனைக் 'குதிரைக்குட்டி' என்றே சொல்கிறார்கள். தாய்க்குதிரையின் பின்னால் குட்டி ஓடுகிறதல்லவா? எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடித்துவிட்டது. நிழலுக்குப் பசியும் கிடையாது, கேள்வியும் கிடையாது. குட்டிக்கு இரண்டும் உண்டு.

கென்யா தேசத்துப் பையன் ஒருவன் நகரசபை அங்கத்தினரின் பின்னால் போனான். அந்த அங்கத்தினர் பகலில் தச்சு வேலை செய்கிறவர்; சபைக் காரியமெல்லாம் சாயங்காலத்துக்கு மேல்தான். ஜப்பானியப் பெண் ஒருத்தி பந்தாட்டச் சங்கத்துக் காரியதரிசியிடம் போனாள். நம் பெண்ணுக்குக் கிடைத்தவர் குடிநீர்ச் சங்கத்தின் அக்கிராசனர்: எழுபத்தொரு வயது மூதாட்டி, ஓய்வு பெற்ற உபாத்தியாயினி.

டென்மார்க்கில் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் பூமிக்கு அடியிலிருந்து வருகிறது. அதைக் காற்றில் கலந்து, மணலில் வடிகட்டி, இரும்புச் சத்தை எடுத்துவிட்டு, பொதுவாகக் குளோரின் சேர்க்காமலே வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். கிராமப்புறங்களில் இந்த வேலையை நடத்துவது பெரும்பாலும் சர்க்கார் அல்ல. தண்ணீர் குடிக்கிறவர்களே உடைமையாளராயுள்ள சிறு சிறு சங்கங்கள். தேசம் முழுவதும் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றனவாம். இந்தச் சங்கத்தில் சுமார் நானூறு வீடுகள்.

"முதல் வாரம் முழுவதும் எனக்கு அழுகையாய் வந்தது, மாமா! தலைமை கற்றுக்கொள்ள வந்த இடத்தில், வேலியில் கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்த்தோம். ஒரு வீட்டில் தண்ணீர் பழுப்பாய் வருகிறது என்று டெலிபோன் வந்தது, போனோம். கணக்குப் புத்தகத்தில் ஒரு தொகை உதைத்தது. மூன்று மணி நேரம் தேடினோம். பாட்டி ஒரு தடவையாவது பிரசங்கம் செய்ய வேண்டுமே!"

'பாட்டி' என்பது இவள் மனத்துக்குள் வைத்த பெயர். அந்தத் தேசத்தில் மந்திரியானாலும் மாட்டுக்காரனானாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். நம் பெண்ணுக்கு நாக்கு எழவில்லை. மூன்று வாரமும் பெயரே சொல்லாமல், "மன்னிக்க வேண்டும்" என்று ஆரம்பித்துப் பேசியே சமாளித்தாளாம்!

நான் போன சமயம் நல்ல சமயம். மறுநாள் சாயங்காலம் சங்கத்தின் வருஷாந்தக் கூட்டம். ஊர்ஜனங்கள் கட்டிய பழைய பொதுமண்டபத்தில் நாற்பத்துமூன்று பேர் வந்திருந்தார்கள். நானூறு வீடுகளுக்கு இது குறைவுதான். வந்தவர்களில் இளைஞர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். டேனிஷ் ஜனநாயகத்தைப் புகழ்கிற நம்மவர்கள் இதையும் எழுதினால் நன்றாயிருக்கும். முதலில் எல்லாரும் பாட்டுப் புத்தகத்தை எடுத்து ஒரு பாட்டைச் சேர்ந்து பாடினார்கள். பிறகு கூட்டத்தை நடத்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சங்கத்தின் அக்கிராசனரே கூட்டத்தையும் நடத்துவது அங்கே வழக்கமில்லை. தம்முடைய காரியத்தைப் பற்றித் தாமே தீர்ப்புச் சொல்லக் கூடாதல்லவா? பள்ளி உபாத்தியாயர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்.

சங்கதி இலேசானதல்ல. சங்கத்தின் இரண்டு கிணறுகளில் ஒன்றில் விஷம் கண்டிருந்தது. பீட்ரூட் வயல்களில் களை கொல்லத் தெளித்த மருந்து ஒன்று, விற்பனை நின்று எத்தனையோ வருஷமான பிறகு, மண்ணுக்குள் சிதைந்து இறங்கி நீரோடு கலந்திருக்கிறது. 2017-ல் சோதித்துப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் தேசமெங்கும் பல கிணறுகளில் இது தெரிய வந்தது. சட்டம் அனுமதிக்கிற அளவு ஒரு லிட்டரில் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் பொறுக்க மாட்டார்கள். கிணற்றை மூடியாகிவிட்டது, இனி என்ன செய்வது?

பாட்டியும் நிர்வாக சபையாரும் சொன்ன யோசனை, பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு குழாய் போட்டு இணைந்துவிடுவது. கடன் வாங்க வேண்டும், தண்ணீர்க் கட்டணம் உயரும், ஆனால் பயமில்லை. பாட்டி எழுந்து கால் மணி நேரம் பேசினார். உபந்நியாசம் அல்ல, வெறும் எண்கள். பிறகு சிவந்த முகமுள்ள ஒரு விவசாயி எழுந்தார். "நம் தண்ணீரை இன்னொரு ஊரிடம் அடகு வைப்பதா? இன்னும் ஆழமாய் நாமே ஒரு கிணறு தோண்டுவோம்" என்றார். அவருடைய தகப்பனார் காலத்தில் அதே மருந்தைத் தெளித்தவர்கள் அந்த மண்டபத்தில் பலர் இருந்திருப்பார்கள். யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் நமக்குச் சுவாரசியமாயிருந்திருக்கும்.

சீட்டுப் போட்டு வோட்டு எடுத்தார்கள். பாட்டியின் பக்கம் பத்தொன்பது. புதுக் கிணற்றின் பக்கம் இருபத்துநாலு.

நம் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். கண்ணில் ஜலம் தளும்பிற்று. பாட்டி தம் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு, அடுத்த விஷயத்துக்குத் தலையசைத்தார்.

கூட்டம் கலைந்ததும் காப்பிக் கோப்பைகளைக் கழுவும் வேலை. பாட்டி தண்ணீர்த் தொட்டி அருகே நின்று கழுவினார். கோப்பைகளை வாங்கித் துணியால் துடைத்து அடுக்கியவர் யார் என்கிறீர்கள்? அந்தச் சிவந்த முகத்து விவசாயிதான். இருவரும் அதிகம் பேசவில்லை. சிநேகமாயிருந்தார்கள் என்றும் சொல்ல மாட்டேன். பாட்டியின் கை கொஞ்சம் வேகமாகவே கழுவிற்று. ஒரு கோப்பையின் பிடி உடைந்துகூடப் போயிற்று.

பள்ளிக்கு நடந்து திரும்பும்போது பெண் வெகு நேரம் மௌனமாயிருந்தாள். பிறகு சொன்னாள்:

"மாமா, எங்கள் அத்தை ஐந்து வருஷம் ஊராட்சித் தலைவியாக இருந்தாள், தெரியுமல்லவா? நாற்காலியில் உட்கார்ந்தது மாமாதான். அத்தை கையெழுத்துப் போடுவாள். அடுத்த தேர்தலில் தோற்றுப் போனோம். அன்றைக்கு நின்ற பேச்சு. இன்றைக்கும் கீழத்தெருக்காரர்களோடு எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. நான் அவர்கள் வீட்டுப் பெண்ணோடு ஒன்றாய்ப் படித்தவள்."

எனக்குப் பதில் தெரியவில்லை. காற்று குளிராயிருக்கிறது என்று சொன்னேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் குட்டி வழக்கம்போல் போயிற்று. நானும் கூடப் போனேன். பாட்டி டெலிபோனில் பேசிக் கொண்டிருந்தார். கிணறு தோண்டுகிற கம்பெனியோடு! எவ்வளவு ஆழம், என்ன விலை, எப்போது வருவீர்கள் என்று, தம்முடைய யோசனைக்காகக் கேட்பது போலவே துருவித் துருவிக் கேட்டார். அவர் டெலிபோனை வைத்ததும் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"நீங்கள் சொன்னதுதான் சரி என்று உங்களுக்குத் தெரியும். அப்படியிருக்க..."

"தெரியும் என்று எப்படிச் சொல்கிறாய்? ஆழத்தில் நல்ல தண்ணீர் இருந்தாலும் இருக்கும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடியும் குழாயைப் பற்றிப் பேசுவேன். அதற்குள் கிணற்றை நான் அரைமனத்தோடு தோண்டினேன் என்று யாராவது சொல்லிவிட்டால், குழாயைப் பற்றி என் பேச்சை யார் கேட்பார்கள்?" என்றார் பாட்டி. பிறகு, வேலிக்கம்பியைப் பார்த்துவர வேண்டும் என்று எழுந்து மேலங்கியை மாட்டிக் கொண்டார்.

நான் அன்று மத்தியானமே புறப்பட்டுவிட்டேன். கிணறு என்ன ஆயிற்று என்று பிற்பாடு பெண்ணைக் கேட்டதற்கு, தோண்டியாயிற்று, சோதனை முடிவு வரவில்லை என்று எழுதியிருந்தாள்.

அவள் ஊருக்குத் திரும்பி ஒரு வருஷம் ஆகிறது. சென்ற மார்ச்சு 22-ந் தேதி, உலகத் தண்ணீர் தினத்தன்று, கிராம சபைக் கூட்டத்துக்குப் போனாளாம். முதலில் பேசலாமென்று நினைத்தவள், ஊர்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்றே தனக்குத் தெரியாது என்பதைக் கண்டு, வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாளாம். சமீபத்தில் அவளிடமிருந்து வந்த கடிதத்தில் இருந்தது இது:

"மாமா, நம் ஊர் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டருக்கு நான் இப்போது குட்டி. காலை ஐந்து மணிக்கு மோட்டார் போடும்போதே போய்விடுகிறேன். முதலில் சங்கோசப்பட்டார். 'உங்களுக்கு ஏன் அம்மா இந்த வேலை?' என்றார். மூன்றாம் நாள் பிளீச்சிங் பவுடர் வாளியை என் கையில் கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினார். கீழத்தெரு வால்வு திறக்கிற முறை எனக்கு. நேற்று அந்த வீட்டு வாசலில் அவள் குடத்தோடு நின்றாள்."